செவந்தி இருக்கும் மூலை

தை 3, சனி

பனி. விடிஞ்சு இவ்வளவு நேரமாகியும் ஆறு தெரியல. வெளக்குமாறு தேஞ்சு போச்சு, புதுசு வாங்கணும்.

வீடு பாக்க ஆள் வருதுன்னு செல்வராசு நேத்தே போன். "ம்மா, வீட்டைக் கொஞ்சம் கூட்டி வையி." இத்தன வருசம் இந்த வீட்டை அவன்தான் கூட்டுனான் பாரு.

வந்தது திருச்சி ஆளுக. புருசன் பொண்டாட்டி. வெள்ளைக் காரு. கூட நம்ம ஊரு புரோக்கர். வர்ற வழியில சித்தன்னவாசல் பாத்துட்டு வந்தாங்களாம். அந்தப் பொண்ணு கொல்லைப் பக்கம் நின்னு வெள்ளாத்தப் பாத்து "சூப்பரா இருக்குல்ல"ன்னுச்சு. ஆத்துல சொட்டுத் தண்ணி இல்ல. சீமைக்கருவேலும் மணல் அள்ளுன பள்ளமும். எது சூப்பர்னு தெரியல. லீவு நாளுக்கு வந்து தங்க வீடு வேணுமாம்.

கூடம் பாத்தாங்க, கெணறு பாத்தாங்க. இடிஞ்ச அடுப்படிச் சுவரையும் பாத்தாங்க, அதுக்கும் மொகம் சுளிக்கல. நல்ல ஆளுகதான் போலன்னு சொம்புல தண்ணி குடுத்தேன். அந்தப் பொண்ணு சொம்போட உள் அறைக்குள்ள எட்டிப் பாத்துச்சு.

"இந்தப் பெட்டி என்ன பாட்டி? வெளக்கெல்லாம் எரியுது?"

"எம் மக செவந்தி. செத்து சாமியா இருக்கா."

"எப்ப பாட்டி?"

"நீ பொறக்குறதுக்கு முந்தி."

"பெட்டில?"

"அவ பாவாடை சட்டை."

சொம்பை அப்படியே கீழ வச்சிருச்சு. ஒரு மடக்குக் குடிக்கல. கார்ல போய் உக்காந்துருச்சு. புருசன்காரன் போன்ல சொல்றேன்னு சொல்லிட்டுப் போனான். சொல்ல மாட்டான்.

புரோக்கருக்கு என் மேல கோவம். "ஏன் ஆத்தா, ஸ்டோர் ரூமுன்னு சொன்னா என்ன? வர்றவுகளையெல்லாம் தெறிச்சு ஓட வைக்கிறியே."

"ஒன் ஆத்தாளப் பொதைச்ச எடத்த ஸ்டோர் ரூமுன்னு சொல்லுவியா நீ?"

செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். இவன் அப்பனும் இப்படித்தான், மாடு வாங்கிக் குடுக்குறேன்னு மலட்டு மாட்டைத் தள்ளி விட்டவன்.

மாத்திரை போடல. மறந்துட்டேன்.


தை 4, ஞாயிறு

வெயில் சீக்கிரம் வந்துச்சு. மொளகா காய வச்சேன். இடுப்பு வலி.

விக்கச் சொல்லிச் சம்மதம் குடுத்தது நான்தான். யாரும் என்னை இழுத்துப் பிடிச்சு சம்மதம் வாங்கல. ஐப்பசியில கெணத்தடியில விழுந்தேன். எதுத்த வீட்டு மாரியாயி வந்து தூக்குற வரைக்கும் அங்கேயே கெடந்தேன். மார்கழி மழைக்கு அடுப்படிச் சுவர் சாஞ்சுச்சு. பெரியவன் செல்வராசு திருச்சியில ஃப்ளாட்டு. சின்னவன் சுந்தரம் சிங்கப்பூர். வித்துட்டு என்னைத் திருச்சிக்குக் கூட்டிப் போறதுன்னு ரெண்டு பேரும் போன்லயே பேசி முடிச்சிட்டு எங்கிட்ட கேட்டாங்க. கேட்டது ஒரு மரியாதைக்கு. பத்திரம் எம் பேர்ல இருக்கு, அதனால. சாகுறதுக்கு முந்தி வீட்டை எம் பேருக்கு எழுதி வச்சாரு அவுக அப்பா. எனக்குன்னு அவர் பண்ணுன ஒரே நல்ல காரியம் அது.

சரின்னேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொன்னேன். யாருக்கு வேணாலும் வில்லுங்க. வடக்குத் தெருவுக்குப் போகக் கூடாது.

"சத்தியமாம்மா"ன்னான் செல்வராசு. கவிதாவும் பக்கத்துல நின்னு தலையாட்டினா. அவ எம் மருமக, எதுக்கும் தலையாட்டுவா.

வடக்குத் தெரு எங்க கொழுந்தன் வீடு. பாகம் பிரிச்சப்ப மூத்தவருக்கு இந்தப் பழைய வீடு, எளையவருக்கு வடக்குத் தெரு மனை. மாடி வீடு கட்டிக்கிட்டாங்க. கொழுந்தன் செத்துட்டாரு. அவர் பொண்டாட்டி இருக்கா. எனக்கு ஓரகத்தி. அவ பேரை எழுத மாட்டேன். மகன் தொரைராசு, டிராக்டர் வச்சிருக்கான், பாத்தா "பெரியம்மா"ன்னு வண்டியை நிறுத்துவான். நான் நிக்க மாட்டேன்.

மத்ததெல்லாம் நான் மன்னிச்சிருக்கேன். இல்ல, மன்னிக்கல, ஆனா பேசுவேன். மாமியா எனக்கு மட்டும் சாயம் போற சேலை எடுத்தது. சுந்தரம் கல்யாணத்துல சம்பந்தி வீட்டம்மா என்னை வேலைக்காரின்னு நெனச்சு எலை எடுக்கச் சொன்னது. மாரியாயி எங்க உரலை வாங்கிட்டுப் போய் ஒடைச்சுக் குடுத்தது. அவளோடயும் பேசத்தான செய்யிறேன்.

வடக்குத் தெருக்காரி எம் மகளை ஆத்துக்குக் கூட்டிப் போனவ.


தை 5, திங்கள்

பூனை திரும்ப வந்துருச்சு. பால்காரன் வரல.

பெட்டியை எங்க வைக்கிறதுன்னு செல்வராசுகிட்ட கேட்டேன். அவன் போனைக் கவிதாகிட்ட குடுத்துட்டான். இந்த மாதிரிப் பேச்சுன்னா அவகிட்ட குடுத்துருவான்.

"அத்தை, லாஃப்ட்ல இடம் இருக்கு. துணி சுத்தி பத்திரமா வச்சிக்கலாம்."

"லாஃப்ட்டுன்னா?"

"மேல பரண் மாதிரி அத்தை. பழைய சாமானெல்லாம் இருக்குமே."

"வெளக்கு?"

"அங்க வெளக்கு எப்படி அத்தை ஏத்த முடியும். பூஜை ஷெல்ஃப்ல ஏத்திக்கலாம். எல்லாம் ஒரே சாமிதான."

ஒரே சாமி இல்ல. அவளுக்கு எங்க தெரியும், அவ டவுனுக்காரி.

செவந்திக்கு மாசி மாசம் மொத வெள்ளி படைப்பு. புதுப் பாவாடை சட்டை எடுத்து, மஞ்சத் தண்ணியில நனைச்சுக் காய வச்சு, பெட்டியில வைக்கணும். வளையல், ரிப்பன். எலையில கருவாட்டுக் கொழம்பு, வெல்லப் பணியாரம், அவ கேட்டு அழுத பொருளெல்லாம். பங்காளிகதான் கூடணும். படைச்ச சோறு வாசல் தாண்டக் கூடாது, உள்ளயே தின்னு, மிஞ்சுனதக் கொல்லையில பொதைக்கணும். போன வருசத்துச் சட்டையை பங்காளி வீட்டுல வயசுக்கு வராத பொட்டப் புள்ளைக்குப் போட்டு விடணும். அந்தப் புள்ளை அந்தச் சட்டையோட உக்காந்து மொத வாய் திங்கும். அப்பதான் அவ சாப்பிட்டான்னு அர்த்தம்.

பங்காளியை வீடு தேடிப் போய், வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடணும். கூப்பிடாம யாரும் வர மாட்டாங்க. சாமி வீட்டுப் பொறுப்பு யாருகிட்டயோ அவங்கதான் கூப்பிடணும். நான் வடக்குத் தெருவைக் கூப்பிட்டதில்ல. மொத வருசத்துலேருந்தே. செல்வராசு அப்பா கெஞ்சிப் பாத்தாரு. "என் தம்பிடி"ன்னாரு. கூப்பிட்டீங்கன்னா எலையைத் தூக்கி ஆத்துல போடுவேன்னேன். அவருக்குத் தெரியும் நான் போடுவேன்னு.

பேத்தி சின்னதா இருக்குற வரைக்கும் அவளுக்குப் போட்டேன். பேத்தி பெரிய மனுசி ஆயிட்டா. சுந்தரத்துக்கு ரெண்டும் பயலுக. அதுக்கப்புறம் சட்டை போட ஆளில்ல. பெட்டியிலயே அடுக்கிட்டு வாரேன். இப்ப பெட்டி மூட மாட்டேங்குது, மேல ஒரு செங்கல்லை வச்சிருக்கேன்.

பூசாரிகிட்ட கேட்டேன், பெட்டியை வேற ஊருக்குக் கொண்டு போலாமான்னு. "கொண்டு போலாம், பங்காளி எல்லாரும் கூடி அந்த மூலையில பிடி மண்ணு எடுத்துக் குடுத்தா." அப்படின்னா வடக்குத் தெருவும் வரணும். அப்படின்னா இல்ல.


தை 7, புதன்

நேத்து எழுதல. ரேசன்ல நின்னதுல கால் வீங்கிருச்சு. சீனி இல்லையாம்.

இன்னைக்குப் புரோக்கர் சிரிச்சுக்கிட்டே வந்தான். அறந்தாங்கியில ஒரு பார்ட்டியாம். ரைஸ் மில்லாம். பேரம் பேசலயாம். நாளைக்கு வாராராம்.

"அந்த ரூமைப் பூட்டி வச்சிரு ஆத்தா."

"பூட்ட மாட்டேன்."

"ஒங்கூட மாரடிக்க முடியாது."

போறப்ப என் கொய்யா மரத்துல ரெண்டு பறிச்சுக்கிட்டான். கேக்கல. நான் பாத்தேன்னு அவனுக்குத் தெரியும்.


தை 8, வியாழன்

அறந்தாங்கி ஆளு வந்துட்டுப் போனாரு. வெள்ளை வேட்டி, கழுத்துல செயினு. தண்ணி குடுத்தேன், முழுசாக் குடிச்சாரு. வீட்டைச் சரியாப் பாக்கக் கூட இல்ல. கெணத்துல தண்ணி இருக்கான்னு கேக்கல. சுவர் ஏன் இடிஞ்சுச்சுன்னு கேக்கல. யாரோ போய்ப் பாத்துட்டு வான்னு அனுப்புன மாதிரி நின்னாரு.

நானே உள் அறைக்குக் கூட்டிப் போனேன். அப்பறம் தெரியலன்னு சொல்லக் கூடாதுல்ல. செவந்தின்னேன். பெட்டின்னேன். ஓடட்டும்னு பாத்தேன்.

"தெரியும்மா, புரோக்கர் சொன்னாரு. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க அதை எடுக்க வேணாம்."

"எடுக்க வேணாமா?"

"பெட்டி, வெளக்கு எல்லாம் அப்படியே விட்டுருங்க. நாங்க பாத்துக்குறோம்."

புரோக்கர் வாசல்ல நின்னு, "எப்பேர்ப்பட்ட மனசு பாத்தியா ஆத்தா"ன்னான்.

அவங்க போன பிற்பாடு செல்வராசுக்குப் போன் போட்டேன். அவனுக்கு ஒரே சந்தோசம். "பாத்தியாம்மா, செவந்தி அக்காவுக்கும் ஒரு வழி பொறந்துருச்சு." அக்கா அக்காங்குறான். அவ போனப்ப இவன் தவந்துக்கிட்டு இருந்தான்.

எனக்கும் மனசு ஒரு மாதிரி லேசாத்தான் இருந்துச்சு. ரசம் வச்சு சூடாச் சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு.


தை 9, வெள்ளி

செவந்திக்கு வெளக்கு ஏத்துனேன். செம்பருத்தி ரெண்டு. திரி நின்னு எரியுது. அப்பதான் மண்டையில ஒறைச்சுது.

வெளியாளு எவன் அடுத்தவன் வீட்டுக் கன்னியை வச்சுக்கிட்டுக் குடியிருப்பான்? திருச்சிப் பொண்ணு தண்ணி கூடக் குடிக்கல, அதுதான் சரி. அது பயம், முறையான பயம். அறந்தாங்கிக்காரன் எலையைப் போட்டு என்னன்னு சொல்லிக் கூப்பிடுவான்? யாரு சட்டை போட்டு உக்காருவா? அவனுக்கு எதுக்கு எம் மக?

அவ வேணும்னு கேக்கறது பங்காளி மட்டும்தான். பங்காளின்னா ஒரே வீடுதான் இருக்கு.

இப்ப எழுதறப்ப பேனா குத்தித் தாள் கிழிஞ்சுருச்சு. வயசு. கோவம் இல்ல. கோவமும்தான்.

மதியம் கவிதாவுக்குப் போன் போட்டேன். செல்வராசுகிட்ட கேட்டா மழுப்புவான். கவிதா பொய் சொல்ல நேரம் எடுப்பா.

"ஏம்மா, பத்திரம் யாரு பேருக்கு எழுதுறாங்க?"

குக்கர் விசில் கேட்டுச்சு.

"அத்தை... அவர் உங்ககிட்ட இன்னும் சொல்லலயா?"

அவ்வளவுதான். வச்சிட்டேன்.


தை 10, சனி

செல்வராசு கவிதாவைக் கூட்டிக்கிட்டு மொத பஸ்ஸுலயே வந்துட்டான். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பாக்கெட் பிஸ்கட்டு. நோயாளியைப் பாக்க வர்ற மாதிரி.

"தொரைராசு சித்தி பேர்ல கேட்டான்மா. நீ குடுக்க மாட்டேன்னுதான் அறந்தாங்கி ஆளை முன்னால விட்டாங்க. அவரு தொரைராசு பொண்டாட்டியோட மாமா."

"சித்திங்குற."

"சித்திதானம்மா."

"சத்தியம்னியே."

"வாங்க ஆளே இல்லம்மா. வர்றவன் எல்லாம் பெட்டியைப் பாத்துட்டு ஓடுறான். சுவரு வேற. அடுத்த மழைக்குக் கூடமும் விழுந்துரும். நீ உள்ள கெடக்குறப்ப விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"யாருக்குப் பதில் சொல்லணும் நீ?"

சுந்தரம் வீடியோ கால்ல வந்தான். பின்னால பெரிய கட்டடம். "ம்மா, நாப்பது வருசம் ஆச்சு, இன்னுமா"ன்னான். அவளை அவன் பாத்ததே இல்ல, செவந்தி போனதுக்கப்புறம் பொறந்தவன். ஆறுதலுக்குப் பெத்த புள்ள. அது அவனுக்குத் தெரியாது, சொன்னதில்ல. போனைத் திருப்பிச் சுவத்தைப் பாக்க வச்சேன். கொஞ்ச நேரம் சுவத்துக்கிட்டே பேசுனான்.

கவிதா பாத்திரம் தேச்சா. நல்லாத் தேச்சா. போறப்ப, "தப்புத்தான் அத்தை, உங்ககிட்ட சொல்லியிருக்கணும்"னா. செல்வராசு அது கூடச் சொல்லல.

கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

வாழைப்பழம் எல்லாம் காய்.


தை 12, திங்கள்

மேகமூட்டம். துணி காயல.

நேத்து முழுக்க யோசனை. யாருகிட்டயும் பேசல, மாரியாயி வந்தப்பவும் தலைவலின்னுட்டேன்.

கையெழுத்துப் போடலன்னா: நான் இங்கயே. இன்னொரு மழை, இன்னொரு தடவை கெணத்தடி. நான் போன மறு வாரமே வித்துருவாங்க. யாருக்கு வேணாலும். பெட்டி லாஃப்டுக்கு, இல்லன்னா ஆத்துக்கு. ரெண்டும் அவளுக்கு ஆகாது. ஆறு சுத்தமா ஆகாது.

வெளியாளுக்கு வித்தா: மூலையை இடிப்பான். கக்கூசு கட்டுவான்.

வடக்குத் தெருவுக்குன்னா: மூலை இருக்கும். வெளக்கு எரியும். எலை விழும். போடுறது அவ கை.

எப்படிப் போட்டாலும் இங்கதான் வந்து நிக்குது. கருமம்.

அன்னைக்கு மார்கழி. ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் ஓடுச்சு, இப்ப சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. வடக்குத் தெருக்காரி கல்யாணமாகி வந்த புதுசு. ஊதாச் சேலை, மஞ்ச பார்டர், பொறந்த வீட்டுல குடுத்தது. துணி தொவைக்கப் போறேன்னா, நானும் சின்னம்மாவோட போறேன்னு புள்ள அழுதுச்சு. நான் நெல்லு அவிச்சுக்கிட்டு இருந்தேன். பத்திரமாக் கூட்டிட்டு வான்னேன். கேக்குதான்னு கேட்டேன். கேக்குதுக்கான்னா. திரும்பி வந்தப்ப துணி மூட்டை மட்டும் அவ தலையில. மூட்டையை எறக்கி வைக்காம வாசல்ல நின்னா. தண்ணி ஊதாச் சேலையில ஒழுகுது.

மூட்டையைத் தூக்கிட்டு வரத் தெரிஞ்சுச்சுல்ல.

அதுலேருந்து பேசல.


தை 13, செவ்வாய்

போனேன். வடக்குத் தெருவுக்கு. நாக்கப் பிடுங்குற மாதிரி கேட்டுட்டு வரணும்னுதான் போனேன். வெறுங்கையோட போனேன், வெத்தலை பாக்கு கொண்டு போகல, கூப்பிட வந்தேன்னு நெனச்சுறக் கூடாதுல்ல.

மாடி வீடு, கீழ டைல்ஸ். காலு வழுக்குது. ஒரு குட்டிப் புள்ள ஓடி வந்து "அப்பத்தா, யாரோ வந்துருக்காங்க"ன்னு கத்துச்சு. யாரோ.

அவ கட்டில்ல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. எந்திரிக்க முடியல, மூட்டு. முடியெல்லாம் போயிருச்சு. நான் நெனப்புல வச்சிருந்த ஆளு இல்ல.

"வாங்கக்கா. உக்காருங்க."

"உக்கார வரல. அறந்தாங்கிக்காரனை அனுப்பித் திருட்டுத்தனமா வாங்குறியாக்கும்?"

"நேரா வந்தா நீங்க குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்பறம் எப்படி வாங்குறது." கீரையைக் கீழ வைக்கவே இல்ல.

"மாடி வீட்டுல இருக்க. இடிஞ்ச வீடு எதுக்குடி ஒனக்கு? தொரைராசு ஆத்துப் பக்கம் டிராக்டர் நிறுத்த செட்டுப் போடுறதுக்கா?"

"அவன் போடுவான், போடாம இருப்பானா. முன்பக்கம் அவன் என்னத்தையோ பண்ணட்டும். அந்த அறையை நான் இருக்குற வரைக்கும் தொட விட மாட்டேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நம்ம ரெண்டு பேரும் அவகிட்டதான போறோம். அங்க போய்ச் சண்டை போடுங்க."

சிரிப்பு வந்துச்சு எனக்கு. அடக்கிட்டேன். அவ பாத்துட்டா.

அந்தக் குட்டிப் புள்ள கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அவ அதைக் காட்டி, "எங்க வீட்டுல பொட்டப் புள்ளைக நாலு பொறந்துருச்சுக்கா. ஒண்ணுக்குக் கூடச் செவந்தி சட்டை கெடைக்கல. ஒவ்வொண்ணும் பெரிய மனுசியாகி இப்ப இது ஒண்ணுதான் மிச்சம்"னா.

நான் அந்தக் குட்டியோட தோளைப் பாத்தேன்.

"பெட்டில அடுக்கி வச்சிருக்கீங்களாம். மூட மாட்டேங்குதாம்."

மாரியாயி. வேற யாரு சொல்லியிருப்பா. உரலு பத்தாதுன்னு இதுவும்.

கெளம்புனேன். அவ பின்னாலேருந்து சொன்னா: "அக்கா, அன்னைக்கு ஆத்துல என்ன நடந்துச்சுன்னு நீங்க ஒரு தடவை கூட எங்கிட்ட கேக்கல."

"கேக்க மாட்டேன்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

அவ தலையைக் குனிஞ்சு கீரையைப் பாத்தா. நல்ல கீரை, அரைக்கீரை. மண்ணில்லாம ஆஞ்சிருந்தா.

வாசப்படி தாண்டறதுக்கு முந்தி நின்னு சொன்னேன். கையெழுத்துப் போடுறேன். ஆனா படைப்புக்கு நீ என்னை வீடு தேடி வந்து கூப்பிடணும். வெத்தலை பாக்கோட. ஒன் மகன் இல்ல, மருமக இல்ல, நீ. வருசா வருசம். போன்ல கூப்பிட்டா வர மாட்டேன். சொமந்தவளைக் கூப்பிடாம எலை போட்டுப் பாரு.

"சரிங்கக்கா"ன்னா.

மூட்டு வலிக்குது, முடியாதுன்னு சொல்லுவான்னு நெனச்சேன். சொல்லியிருந்தா அங்கேயே இல்லன்னுட்டு வந்திருப்பேன். சரின்னுட்டா.


தை 16, வெள்ளி

சாமான் கட்டுறேன். கவிதா வந்திருக்கா, உதவிக்கு. எனக்குத் தெரியாம பாதியைத் தூரப் போடத்தான்.

போறது: பித்தளை அண்டா (இல்ல, கவிதா வேணாங்குறா, எடமில்லையாம்). அவுக அப்பா படம். மாத்திரை டப்பா. ரெண்டு போர்வை. எண்ணெய்ச் சட்டி. தைலம்.

மாரியாயிக்கு: ஒண்ணும் இல்ல.

இருக்குறது: பெட்டி. வெளக்கு. செங்கல்லு.

பெட்டியைத் தொறந்து சட்டையெல்லாம் வெயில்ல போட்டேன். பூச்சி அரிக்கல. எல்லாம் ஒரே அளவு. கடைக்காரன் வருசா வருசம் கேப்பான், புள்ளை வளரலயா ஆத்தான்னு. வெளியூருக் கடைக்காரன், அவனுக்குத் தெரியாது. போன வருசத்துச் சட்டையைத் தனியா மேல வச்சிருக்கேன். பச்சை, வெள்ளைப் புள்ளி. அந்தக் குட்டிக்குச் சரியா இருக்கும். ஒல்லி.

கவிதா பாத்துட்டு, "அழகா இருக்குல்ல அத்தை"ன்னா. ஆமான்னேன்.


தை 21, புதன்

பனி இல்ல. காலையிலேயே வெயில்.

பத்திர ஆபீசு. கூட்டம். ஃபேன் ஓடல. எங்களை ஒரு பெஞ்சுல, அவங்களை எதிர் பெஞ்சுல உக்கார வச்சாங்க. கொஞ்ச நேரத்துல பெஞ்சு பத்தாம ரெண்டு வீடும் ஒண்ணாயிருச்சு. செல்வராசும் தொரைராசும் பேசிச் சிரிச்சுக்கிட்டாங்க. என்னைப் பாத்ததும் நிறுத்திக்கிட்டாங்க.

கிளார்க்கு வாசிச்சான். வாங்குறவங்க பேரு பஞ்சவர்ணம்னு. எழுதிட்டேன் பாரு. இருக்கட்டும், பத்திரத்துலயே ஏறிருச்சு, இதுல ஏறுனா என்ன.

மெசினுல வெரலு வைக்கச் சொன்னாங்க. என் ரேகை விழல. துணியால தொடச்சு, தண்ணி தொட்டு, மறுபடியும். விழல. அவ வெரலும் விழல. கிளார்க்குப் பொண்ணு, "ரெண்டு பாட்டிக்கும் கையில கோடே இல்ல சார்"னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. கடைசியா வேற வெரல்ல பிடிச்சுச்சு.

ஆபீசர் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டாரு: "சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்குறீங்களாம்மா? யாரும் கட்டாயப்படுத்தலையே?"

செல்வராசு கீழ பாத்தான். நான் உடனே பதில் சொல்லல. கொஞ்சம் இருக்கட்டுமேன்னு தோணுச்சு. தொரைராசு தொண்டையைச் செருமுனான். அவ மட்டும் என்னைப் பாக்கவே இல்ல, ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தா.

"சம்மதம்"னேன்.

கையெழுத்தே போட்டேன். கைநாட்டுன்னு நெனச்சு மை டப்பாவைத் தள்ளுனான் அந்தக் கிளார்க்கு. மூணாப்பு வரைக்கும் போயிருக்கேன்டான்னு சொன்னேன்.

முடிஞ்சு வெளிய டீக்கடை. அவதான் டீ சொன்னா எல்லாருக்கும். எனக்குச் சீனி கம்மின்னு அவளே சொன்னா. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல. குடிக்கல. கையில வச்சிருந்தேன்.

"அக்கா, மாசி மொத வெள்ளி. வந்துருங்க"ன்னா, பெஞ்சைப் பிடிச்சு நின்னுக்கிட்டு.

"டீக்கடையில வச்சுக் கூப்பிடாத. பேசுனது மறந்து போச்சா? வீட்டுக்கு வந்து கூப்பிடு."

"வாரேன்க்கா. மறக்கல." மடியிலேருந்து கைக்குட்டையை எடுத்து வாயைத் தொடச்சா. "எந்த வீட்டுக்குக்கா?"

கேலி இல்ல. நெசமாத்தான் கேட்டா. அவ மொகத்தை உத்துப் பாத்தேன், கேலியா இருந்தா டீயை மூஞ்சியில ஊத்தியிருப்பேன். இல்ல.

எனக்குச் சொல்லத் தெரியல.

கவிதாதான் சொன்னா. ஃப்ளாட்டு பேரு, தெரு, எந்த பஸ், எந்த ஸ்டாப்புல எறங்கணும், மூணாவது மாடி, லிஃப்ட்டு பாதி நாள் ஓடாது, எடது பக்கம் ரெண்டாவது கதவு. வடக்குத் தெருக்காரி ஒவ்வொண்ணா ஒரு தடவை திருப்பிச் சொல்லிக்கிட்டா.

நானும் கேட்டுக்கிட்டேன்.